அக்காவின் ஒன்பது பொட்டலங்கள்

எங்கள் கூடத்துத் தினக் காலண்டர் ஒரு முறை ஒன்பது நாள் முன்னால் ஓடிவிட்டது. ஓட வைத்தது அக்கா.

கொள்ளேகாலில் சித்தி மகளின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பத்தியச் சமையலுக்கு ஆள் வேண்டும், உன் கை வந்தால்தான் ஆகும் என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும் நாள் காலையில் அக்கா வரப்போகும் ஒன்பது நாளின் தாள்களையும் கிழித்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சிட்டிகை மீன் தீனி. கோயிலில் விபூதி மடிப்பார்களே, அப்படி ஒரு மடிப்பு. ஒன்பதையும் பழைய ஊறுகாய் பாட்டிலில் அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"அன்னன்னிக்குத் தேதி பாத்துப் பிரி. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். உனக்கு இரக்கம் வந்தாலும் சரி, கவிதை வந்தாலும் சரி."

சிரித்தேன். அக்காவின் கிண்டல் எப்போதும் எனக்குப் பிடிக்கும், அதில் நான் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிவதால்.

ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்த அப்பா கட்டிய வீடு. அவரும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், அது நிலைக்கவில்லை. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஊரார் குரலைக் கேட்டவள். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு மீன் தொட்டி கொடுத்தார்கள். கூடத்தில், என் எழுத்து மேசைக்கு எதிரே, அது வந்து உட்கார்ந்தது.

தொட்டியின் வலது பின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. தனியாக மாட்டியது அல்ல. கண்ணாடியோடு பசை போட்டு ஒட்டியே வந்தது. அதுதான் ஃபில்டர். உள்ளே மூன்று அறை, ஸ்பாஞ்ச், கல், அடியில் ஒரு சின்ன மோட்டார். இருபத்து நாலு மணி நேரமும் ம்ம்ம் என்று ஒரே சுருதி. அக்காவுக்கு அந்தச் சத்தம் வேண்டும். "யாரோ லைன்ல இருக்கற மாதிரி இருக்குடா," என்பாள். எனக்கு அது பல்லுக்குள் மாட்டிய நார். ஒரு வரி எழுதுவேன், ம்ம்ம். அடிப்பேன், ம்ம்ம். எழுத வராததற்கெல்லாம் ஆறு வருஷமாக அந்தப் பெட்டியின் மேல்தான் பழி போட்டு வந்தேன்.

மூன்று தங்க மீன்கள். பெரியவ, நடுவுல உள்ளவ, குட்டி. அதற்கு மேல் பெயர் வைக்கவில்லை. ஆறு வருஷத்தில் பெரியவ உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டாள். காலையில் அக்கா கூடத்துக்குள் நுழைந்ததும் மூன்றும் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு ஓடிவரும். நான் நுழைந்தால் வராது.

பஸ் ஏறுவதற்கு முன் அக்கா இன்னொன்றும் சொன்னாள். தசரா நடக்கிறது, ஆயுத பூஜைக்கு நான் இருக்க மாட்டேன், வீட்டில் சுத்துவது ஓடுவது எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்துவிடு. மிக்ஸி, ஃபேன், உன் ஸ்கூட்டர், தண்ணி மோட்டார். விஜயதசமிக்கு மறுநாள் வந்துவிடுவேன்.

இந்தப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சுத்துவது, ஓடுவது, எல்லாவற்றையும்.

உள்ளபடி சொன்னால் எனக்கு வேறு அவசரம். பெங்களூரிலிருந்து இரண்டு நண்பர்கள், இரண்டு பேரும் கவிஞர்கள், விளக்கு அலங்காரம் பார்க்க வருவதாக இருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும், என் பின்னால் தெளிந்த தண்ணீரில் மூன்று செம்பொன் நிழல்கள் மிதக்க வேண்டும். அந்தக் காட்சியில் கறுப்புப் பெட்டிக்கு இடமில்லை. கோயில் குளத்துக்குள் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் நட்டது போல இருந்தது அது.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு நேராக மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள மீன் கடைக்குப் போனேன். சத்தமே போடாத, கைக்கு அடக்கமான புது ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். பெட்டியை எடுக்கிறீர்களா, எடுங்கள், பிளேடால் பசையை அறுத்தால் வந்துவிடும், ஆனால் ஒன்று, என்று விரலைத் தூக்கினார்.

"உள்ள இருக்கற பழைய ஸ்பாஞ்சை மட்டும் தொளீபேடி சார். கழுவாம அப்படியே புதுசு பக்கத்துல போட்டு வைங்க, ஒரு மாசம். அழுக்கு மாதிரி தெரியும். அதுல ஜீவ இதெ."

ஜீவன் இருக்கிறது. அழுக்கில் ஜீவன் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து பில்லின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டேன். நல்ல வரி. கடைக்காரர் நான் குறித்துக்கொள்வதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் சொன்னதைச் செய்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் கவிதைக்காக எழுதினேன்.

மறுநாள் காலை இரண்டாம் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். மூன்று மீனையும் நீல பக்கெட்டுக்கு மாற்றினேன். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, ஒரு வாய் மீன் தண்ணீரைக் குடித்து, தொட்டியைக் காலி செய்தேன். பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பசை ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. பிளேடு ஓரம் வரைக்கும்தான் போனது. பெட்டியின் முதுகுக்குப் பின்னால் எட்டவில்லை. பூக்கட்டும் நூலை விட்டு அறுத்தேன், நூல் அறுந்தது. தூண்டில் நரம்பு வாங்கி வந்து, இரண்டு முனையையும் விரலில் சுற்றி, மேலிருந்து கீழே ரம்பம் இழுப்பது போல இழுத்தேன். நரம்பு விரலை அறுத்தது, பிளாஸ்திரி போட்டுக்கொண்டேன். ஒரு காலை முழுக்க. என்ன சந்தோஷம் தெரியுமா அப்போது. ஒரு வார்த்தைக்காக வாரக்கணக்கில் அலைகிறவனுக்கு, கையால் ஒன்றை அறுத்து எடுக்கிற வேலை எவ்வளவு தித்திப்பு. விசில் அடித்தேன். மத்தியானம் வாக்கில் சடக்கென்று பெட்டி கையோடு வந்தது. கண்ணாடியில் மூன்று பசைக் கோடுகள் மட்டும் தழும்பாக நின்றன. பிளேடால் சுரண்டினேன். முழுசாகப் போகவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஸ்பாஞ்ச் காப்பிப்பொடி நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. முதல் மழையில் மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனை. நாற்றம் இல்லை. அதை நான் கவனிக்கவும் செய்தேன். ஆனாலும் பார்க்க அழுக்கு. ஆயுத பூஜை வருகிறது. துணி துவைக்கும் கல்லில் போட்டு சோப்பு தேய்த்து, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அலசி அலசி, ஸ்பாஞ்சை வெள்ளையாக்கினேன். பெட்டிக்குள் இருந்த கல்லையும் கழுவினேன். தொட்டியின் அடியிலிருந்த கூழாங்கற்களையும் விடவில்லை. எல்லாம் பளபளவென்று ஆனதும், குழாய்த் தண்ணீரை நேராக நிரப்பி, புது ஃபில்டரைப் போட்டு, மீன்களை விட்டேன்.

சத்தமே இல்லை. கூடம் அப்படி அமைதியாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. மேசையில் உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

சாயங்காலம் அக்கா போனில் கேட்டாள், பொட்டலம் போட்டியா. போட்டேன் என்றேன். அது நிஜம்.

நான்காம் நாள் நண்பர்கள் வந்தார்கள். தண்ணீரில் லேசாகப் பால் கலந்தது போல ஒரு வெண்மை படர்ந்திருந்தது. விளக்கைப் போட்டதும் அது மேகம் மாதிரி அழகாகவே தெரிந்தது. நான் வாசித்தேன். அழுக்கில் ஜீவன் இருக்கிறது என்று முடியும் கவிதை. பின்னால் மூன்று மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"டேய், மீன்கூட உன் கவிதைக்கு வாய் பொளக்குது பாரு," என்றான் ஒருவன்.

சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள் அந்த மூவரும், எனக்கு முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில்.

ஐந்தாம் நாள் காலை நடுவுல உள்ளவளும் குட்டியும் பக்கவாட்டில் மிதந்தார்கள். பெரியவ அடியில், பெட்டி இருந்த மூலையில், கண்ணாடித் தழும்பில் முதுகைச் சாய்த்தபடி இருந்தாள். செவுள் மட்டும் அசைந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். பழைய ஸ்பாஞ்ச் எங்கே என்று கேட்டார். சொன்னேன். மீனின் கழிவு விஷமாகாமல் அதுதான் சார் தின்னுக்கிட்டிருந்தது, இனி பாதித் தண்ணியை மாத்திப் பாருங்க, என்றார். திட்டவில்லை. மாற்றினேன். மாலைக்குள் பெரியவளும் போனாள். மூவரையும் பின்கட்டில் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தேன்.

அன்று அக்கா கேட்டாள், பொட்டலம் போட்டியா. போட்டேன் என்றேன். ஆறாம் நாளும் போட்டேன் என்றேன். ஏழும் எட்டும் ஒன்பதும். பாட்டிலில் ஐந்து பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ஆயுத பூஜை அன்று மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தெரு முழுக்க உடைந்த பூசணிக்காய், குங்குமத் தண்ணீர். கடைக்குப் போய் அதே மாதிரி மூன்று மீன் வாங்கலாமா என்று யோசித்தேன். அக்கா நுழையும்போது அவை அவளிடம் ஓடிவராதே, அதற்கு என்ன செய்வது.

விஜயதசமிக்கு மறுநாள் அக்கா வந்தாள். பையை இறக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டாள். வெறும் தண்ணீர், மூலையில் மூன்று கோடு.

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். முந்தாநாள் மோட்டார் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ அடைத்து எரிந்துபோயிருக்கிறது. அதனால் பெட்டியை அறுத்து எடுத்தேன், ஓடிப்போய்ப் புதுசு வாங்கிப் போட்டேன், அதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா என் விரலில் பிளாஸ்திரியைப் பார்த்தாள். "பாவம், நீயும் அலைஞ்சிருக்க," என்றாள்.

பிறகு தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். ரொம்ப நேரம். அவள் மனசு எந்த வழியில் போகிறது என்று என்னால் பார்க்க முடிந்தது. மோட்டார் அடைத்தது, எதனால் அடைத்தது.

"பொட்டலத்துல தீனி கூட வச்சுட்டேனோடா? மிச்சம் போய் அடைச்சுதோ?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்போது கேள்வி அடுத்ததற்குப் போகும், பின்னே எதனால் என்று.

"இருக்கலாம்," என்றேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சொல் எழுதியிருக்கிறேன். இத்தனை வேலை செய்த சொல் வேறில்லை.

அன்று மாலை அக்கா சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தீனி டப்பாவிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்துத் தாளில் வைத்து, ஒவ்வொரு சிட்டிகையிலும் எத்தனை உருண்டை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மெல்ல ஒன்று நடந்தது. அக்கா சமைக்கும்போது அளக்கிறவள் அல்ல. உப்போ மிளகாயோ புளியோ, கை போய் எடுக்கும், கை நிறுத்தும். சொந்தக்காரர்களுக்குள் அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது. ஒரு நாள் கடையிலிருந்து அளவுக் கரண்டிகள் வாங்கி வந்தாள். பெரிசிலிருந்து சிறிசுவரை ஐந்து, ஒரு வளையத்தில். அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள். உப்புக்கு ஒரு கரண்டி, தட்டி, விரலால் வழித்து. அரிசிக்கு டம்ளர், இரண்டு தடவை அளந்து. ரசம் பயந்துபோன ரசமாக வந்தது. சாம்பார் எதுவுமே சொல்லாத சாம்பாராக வந்தது. "சரியா இருக்கா?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்டாள். இதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. இருக்கு என்றேன், ஒவ்வொரு வேளையும். என் பொய்யை மூன்று வேளையும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், உப்பில்லாமல்.

சொல்லிவிடலாம் என்று பல நாள் அவள் முன்னால் போய் நின்றதுண்டு. என்னடா என்பாள். ஒன்றுமில்லை, காப்பி இருக்கா, என்பேன். கறுப்புப் பெட்டியைப் பரணில் போட்டிருந்தேன். குப்பை வண்டியில் கொடுத்திருப்பேன், ஆனால் ஈரக் குப்பை காய்ந்த குப்பை என்று பிரித்து வாசலில் நின்று கொடுப்பது அக்கா. பிரிக்காத ஐந்து பொட்டலமும் அந்தப் பெட்டிக்குள்தான். கிழித்துக் கொட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அடுத்த தசராவுக்கு முந்தின வாரம் கொள்ளேகாலிலிருந்து போன். குழந்தைக்கு முதல் பிறந்த நாள், ஐம்பது பேர் சாப்பாடு, நீங்கள் வந்து நின்றால் போதும். அக்கா போனை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"நான் வரல. வேற ஆளைப் பாருங்க. என் கை இப்போ அளவு தப்புது."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "சும்னிரு, பேசாம இரு, நிஜமாத்தான் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

ஆயுத பூஜை அன்று காலை, பித்தளைத் தாம்பாளம் வேண்டும் என்று என்னைப் பரணில் ஏற்றினாள். தாம்பாளத்தை இழுத்தபோது பெட்டியின் மூலை வெளியே வந்தது.

"அது நம்ம பெட்டியில்ல? தூக்கிப் போடலையா நீ? எடு கீழ."

எடுத்தேன். வேறு என்ன செய்ய. அக்கா அதைத் தரையில் வைத்து, ஈரத் துணியால் தூசு துடைத்தாள். மிக்ஸிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே வைத்தாள். ஆறு வருஷம் நிற்காமல் ஓடியிருக்கிறது, செத்தாலும் இந்த வீட்டு ஆயுதம்தானே, என்றாள். சந்தனத்தைத் தொட்டு அதன் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைத்தாள். அதன் மேல் குங்குமம்.

"மன்னிச்சுக்கோ," என்றாள் அதனிடம், விளையாட்டு மாதிரி, ஆனால் விளையாட்டு இல்லாமல். "நான்தான் உன் வாய அடைச்சேன்."

நான் எழுந்து குளியலறைக்குப் போனேன். அதே நீல பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன். பெட்டியின் அடியிலிருந்து மோட்டாரை உருவித் தண்ணீருக்குள் போட்டு, வயரை பிளக்கில் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். முதலில் கடகடவென்று ஒரு இருமல். பிறகு ம்ம்ம்.

அக்கா பக்கெட்டைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள்.

"ஓடுதே."

"அன்னிக்கும் ஓடிச்சு அக்கா. நான்தான் எடுத்தேன்."

சொன்னேன். கடைக்காரர் விரலைத் தூக்கியதிலிருந்து கறிவேப்பிலைச் செடிவரை, வரிசையாக. நண்பன் சொன்ன நகைச்சுவையையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேப்பர் படிப்பது போலக் கேட்டது. முடிந்ததும் அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"சோப்பு போட்டியா?"

"போட்டேன். பிளீச்சிங் பவுடரும்."

பெட்டியின் நடு அறைக்குள் கையை விட்டு ஐந்து பொட்டலத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். காலண்டர் தாள் பழுத்திருந்தது. அக்கா ஒன்றை எடுத்துத் தேதியைப் படித்தாள். மடிப்பைப் பிரித்தாள். தீனியை உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலால் பரப்பினாள், சேர்த்தாள். இன்னொன்றைப் பிரித்து மறு கையில் கொட்டினாள். இரண்டும் ஒரே அளவு. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

"சரியாத்தானே கட்டியிருக்கேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்றும். இரண்டும் இல்லை. டெலிபோன் ஆபீஸ் குரல் அது, தெளிவாக, அவசரமில்லாமல்.

"இருக்கலாம்னு சொன்ன. அவ்வளவு பொய் சொன்னியே, நான் கேட்ட அந்த ஒண்ணுக்கு மட்டும் இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா? அது நிஜம்டா. அதைத்தான் சொல்லல நீ."



அக்கா தீனியைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்த எனக்கும் கை போகவில்லை. பொட்டு வைத்த ஆயுதங்களுக்கு நடுவே பக்கெட் முனகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கடுகு வெடித்தது. ஆணியில் கரண்டி வளையம் கிலுங்குகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது வரவில்லை.

மத்தியானம் இலை போட்டாள். எனக்கும் போட்டாள். பரிமாறினாள். ஒரு வாய் சாம்பார் சாதம் எடுத்தேன். நாக்கில் சுரீரென்றது. ஒரு வருஷமாக வேலை இல்லாமல் இருந்த கை, ஒரே நாளில் சரியாக வந்து நிற்குமா.

அக்கா எதிரே நின்றாள், கரண்டியோடு.

"உப்பு எப்படி இருக்கு?"

இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம்.

"கூட," என்றேன். "கொஞ்சம் இல்ல, நல்லாவே கூட."

"தெரியும்," என்றாள். "சாப்பிடு."